தற்காப்பு: எதுவரைக்கும்?

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "உனக்குத்தான் கராத்தே, சிலம்பம் எல்லாம் தெரியுமே. பசங்களுக்குத் தற்காப்பு பற்றி ஒரு அரை மணி நேரம் பேசு. முடிஞ்சா மேடையில் ரெண்டு அடி போட்டுக் காட்டு" என்றார். பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அடி போட்டுக் காட்ட ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்பதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

நான் 2009-ல் எலெக்ட்ரிகல் பிரிவில் படித்து முடித்தவன். இங்கே படித்த காலத்தில் மூன்று வருஷம் கராத்தே பழகினேன். பிரவுன் பெல்ட் வரை போனேன். ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஓடு உடைத்துக் காட்டியதைப் பார்த்தவர்கள் இங்கே சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஓடு ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். (சிரிப்பு)

2013 ஜூலையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். தி.நகர் தெற்கு உஸ்மான் சாலை. பைக்கில் நான், பின்சீட்டில் அம்மா. ஒரு லோடு ஆட்டோ சிக்னல் போடாமல் இடது பக்கம் ஒடித்தது. பைக் உரசி, அம்மா விழப் பார்த்தார். நான் வண்டியை நிறுத்திச் சத்தம் போட்டேன். அந்த டிரைவரும் இறங்கி வந்தார். என் வயசுதான் இருக்கும். வார்த்தை முற்றியது. அம்மாவைச் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

பழகிய பழக்கத்தில் அவர் கையை விடுவித்தேன். அரை வினாடிகூட ஆகியிருக்காது. அவர் ஓர் அடி பின்னால் போனார். அதுவரைக்கும் நான் செய்தது சரி. அதற்கு அப்புறம் செய்ததுதான் தப்பு. பின்னால் போன மனுஷனை நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். அவர் அப்படியே மல்லாந்து விழுந்தார். பின்மண்டை பிளாட்பாரத்தின் கல் விளிம்பில் பட்டது. கோயில் வாசலில் சூறைத்தேங்காய் உடைக்கிற சத்தம் உங்களுக்குத் தெரியும். அந்தச் சத்தம்.

அவர் எழுந்திருக்கவில்லை. அரை நிமிஷம் இருக்கும். அம்மா ரோட்டிலேயே உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்து, முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஏழு தையல், ஸ்கேன், மூளைக்குப் பக்கத்தில் சின்ன ரத்தக்கட்டு, மூன்று நாள் கண்காணிப்பு. அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி வராண்டாவில்தான் இருந்தேன். அவருடைய மனைவி இரண்டு வயசுக் குழந்தையோடு வந்தார். என்னை யாரோ உதவி செய்ய வந்தவன் என்று நினைத்து, "ரொம்ப நன்றிண்ணா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அடித்தவனே நான்தான் என்று அவரிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அவன் சட்டையை விட்டதுக்கு அப்புறம் எதுக்குத் தம்பி அடிச்சே?"

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அந்த டிரைவர் புகாரை வலியுறுத்தவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. ரத்தக்கட்டு கரைந்தது. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு வாசனை தெரிவதில்லை. பின்மண்டையில் அடிபட்டால் சிலருக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னார். சில வருஷம் கழித்து அவரைப் பார்த்தபோது, "வீட்ல குழம்பு கருகினாகூடத் தெரியலை சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

இதனால்தான் மேடையில் அடி போட்டுக் காட்ட மாட்டேன் என்றேன். அடிக்கக் கற்றுக்கொள்வது சுலபம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தரைதான் பெரிய ஆயுதம்

நாம் இன்ஜினீயர்கள். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் கீழே விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு சுமார் 5.4 மீட்டர். அதாவது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். நிற்கிற மனுஷன் கையை ஊன்ற முடியாமல் மல்லாந்து விழுந்தால், அவன் தலை ஏறத்தாழ அந்த வேகத்திலோ அதற்கு மேலோ சிமென்டில் மோதுகிறது. குத்து சின்னதாக இருக்கலாம். வேலையைத் தரை செய்துவிடும்.

1998 ஜூலையில் நம் சென்னையில் ஒரு கல்லூரி மாணவியிடம் ஆட்டோவில் வந்த இளைஞர்கள் வம்பு செய்ததில், அந்தப் பெண் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனார். ஊரே கொதித்தது. அதன் விளைவாக அதே வருஷம் தமிழ்நாட்டில் ஈவ்-டீசிங் தடைச் சட்டம் வந்தது. பிறகு அது பெண்களுக்கு எதிரான தொல்லை தடுப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. செய்தவர்கள் அதை "விளையாட்டு" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இன்னொன்று. 1988 டிசம்பரில் பாட்டியாலாவில் நடுரோட்டில் ஒரு வாகனத் தகராறு. 65 வயதுப் பெரியவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து அதில் சம்பந்தப்பட்டவர். ஒரு நிமிஷத் தகராறு. வழக்கு 34 வருஷம் நடந்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. பேரும் புகழும் உள்ளவருக்கே அந்தக் கதி. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று பெரியவர்கள் சொன்னதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஃப்யூஸ் சொல்லும் பாடம்

நான் இப்போது கிண்டியில் ஸ்விட்ச்கியர் துறையில் வேலை பார்க்கிறேன். என் தொழிலே பாதுகாப்பு ரிலேக்கள்தான். அதிலிருந்து ஓர் உவமை சொல்கிறேன். எலெக்ட்ரிகல் படிக்காதவர்களுக்கும் புரியும்.

உங்கள் வீட்டில் மிக்ஸியில் ஷார்ட் ஆகிறது. என்ன ஆக வேண்டும்? அந்த அறையின் எம்.சி.பி. மட்டும் விழ வேண்டும். அது வேலை செய்யாவிட்டால் வீட்டு மெயின். அதுவும் செய்யாவிட்டால் தெருவில் உள்ள பில்லர் பாக்ஸ் ஃப்யூஸ். உங்கள் மிக்ஸி ஷார்ட் ஆனதற்கு மயிலாப்பூர் சப்ஸ்டேஷனே அணைந்தால், அது பாதுகாப்பு இல்லை, கோளாறு. சின்னக் கோளாறுக்குச் சின்ன ஸ்விட்ச். இது முதல் விதி.

இரண்டாவது விதி: கோளாறு பெரியதென்றால் ரிலே காத்திருக்கக் கூடாது. மின்னோட்டம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் அது இயங்க வேண்டும். அப்படித்தான் வடிவமைக்கிறோம்.

மூன்றாவது விதி: கோளாறு நீங்கிவிட்டால் ரிலே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாத ரிலே பழுதான ரிலே. 2013-ல் நான் திரும்பாத ரிலே.

இதையே மனுஷனுக்குப் பொருத்தினால் ஐந்து படிகள் வருகின்றன. முதல் படி கண்: கவனம், இடைவெளி. இரண்டாவது கால்: விலகிப் போவது. மூன்றாவது வாய்: குரல். நான்காவது கை: பிடியை விடுவிப்பது. ஐந்தாவதும் கைதான்: தப்பிப்பதற்காக அடிப்பது. எது போதுமோ அதோடு நிறுத்த வேண்டும். ஆபத்து பெரியதென்றால் நடுவில் உள்ள படிகளைத் தாண்டி நேரே ஐந்தாவதற்குப் போக வேண்டும். ஆபத்து விலகியதும் உடனே முதல் படிக்கு இறங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆச்சரியம் என்னவென்றால், சட்டமும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமை பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரை வருகின்றன. நம் உடம்பை மட்டும் இல்லை, பக்கத்தில் இருப்பவர் உடம்பையும் காப்பாற்ற நமக்கு உரிமை உண்டு. பொருளுக்கும் உண்டு. குடிபோதையில் இருப்பவனோ, சித்தம் கலங்கியவனோ தாக்கினாலும் அந்த உரிமை போய்விடாது.

ஆனால் 37-ஆவது பிரிவு இரண்டு வேலி போடுகிறது. ஒன்று, தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது. இரண்டு, போலீஸ் முதலான அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை. 40-ஆவது பிரிவு, ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் தோன்றியதும் உரிமை தொடங்குகிறது, அச்சம் இருக்கும் வரை நீடிக்கிறது என்கிறது. முதல் அடி விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அச்சம் தீர்ந்தால் உரிமையும் தீர்ந்தது. இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டது இந்தப் பிரிவைத்தான்.

அதற்காக ஆபத்து நேரத்தில் தராசு பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. தர்ஷன் சிங் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உயிருக்கு ஆபத்தில் இருப்பவன் தன் பதிலடியை அளவுகோல் வைத்து அளந்து கொடுப்பான் என்று எதிர்பார்க்க முடியாது என்பது அதன் கருத்து. இதை மாணவிகள் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும்.

நம் தெருக்களில்

இனி நடைமுறைக்கு வருவோம். நான் சொல்வதெல்லாம் நம் பேட்டையில் தினமும் நடப்பவை.

முதலில் வண்டித் தகராறு. வண்டியை விட்டு இறங்காதீர்கள். பைக் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். தப்பு அவர்மேல் இருந்தாலும் "சாரி சார், கவனிக்கலை" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அதில் நம் மானம் ஒன்றும் போய்விடாது. எதிராளி நெருங்கி வந்தால் ஒரு காலைப் பின்னால் வைத்து, இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சு உயரத்தில் விரித்துக் காட்டி, "வேண்டாம் சார், சண்டை வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அந்தக் கை உங்கள் முகத்தைக் காக்கும். தேவைப்பட்டால் தள்ளவும் தயாராக இருக்கும். சுற்றி நிற்பவர்களும், கடை வாசல் கேமராவும், நீங்கள் சண்டையைத் தவிர்த்தீர்கள் என்பதற்குச் சாட்சி. முஷ்டியை மடக்கினால் அந்தச் சாட்சி உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

சட்டையையோ மணிக்கட்டையோ பிடித்தால்? எந்தப் பிடியிலும் பலவீனமான இடம் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடைவெளி. உங்கள் கையை அந்த இடைவெளி பக்கம் திருப்பி, உடம்போடு சேர்த்து ஓர் அடி விலகி இழுங்கள். தோள் பலத்தால் மட்டும் இழுத்தால் வராது, காலும் நகர வேண்டும். பிறகு இரண்டு கை நீளம் தள்ளிப் போங்கள். அங்கே நிறுத்துங்கள். திரும்ப வந்து அடிக்காதீர்கள். நான் சொல்வதைக் கேளுங்கள்.

பஸ். 29சி-யில் சாயங்காலம் ஏறியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் தங்கை கல்லூரிக்குப் போன காலத்தில் கையில் ஊக்கு வைத்திருப்பாள். அந்தக் காலப் பெண்களுக்கு அதுதான் ஆயுதம். அதைவிடக் குரல் பெரியது என்று பிறகு அவளே கண்டுபிடித்தாள். "யாரோ இடிக்கறாங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் திரும்ப மாட்டார்கள். "நீலச் சட்டை, கையை எடுங்க" என்று ஆளைச் சுட்டிச் சொன்னால் மொத்த பஸ்ஸும் திரும்பும். அப்படிச் சொன்ன அன்று அந்த நீலச் சட்டை அடையாறு டிப்போவுக்கு முன்னாடியே இறங்கிவிட்டது. அடங்கவில்லை என்றால் கண்டக்டரிடம் சொல்லுங்கள். நான் சொன்ன 1998 சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் பஸ்ஸைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டியது பஸ் ஊழியர்களின் கடமை. இது பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

கூட்டம். தீபாவளிக்கு ரங்கநாதன் தெரு, பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர். அங்கே பர்ஸ் பின் பாக்கெட்டில் இருந்தால் அது உங்களுடையது இல்லை. (சிரிப்பு) பையை முன்னால் மாட்டுங்கள். நெரிசல் இறுகினால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்து, மூச்சு விட இடம் உண்டாக்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அதோடு நகர்ந்தபடியே குறுக்காக ஓரத்துக்குப் போங்கள். செருப்பு, போன் எது விழுந்தாலும் குனியாதீர்கள்.

சங்கிலிப் பறிப்பு. மார்கழி விடியலில் மாட வீதிகளில் கோலம் போடும் பெண்களும், காலை நடை போகும் பெரியவர்களும் சந்திக்கிற ஆபத்து. எதிரே வரும் வண்டிகள் தெரிகிற பக்கமாக நடங்கள். பை சுவர் பக்கம் இருக்கட்டும், வாரை மணிக்கட்டில் சுற்றாதீர்கள். பறித்துவிட்டால் விடுங்கள். ஓடும் பைக்கோடு இழுபட்டுத் தரையில் தலை மோதினால் எத்தனை சவரனும் ஈடாகாது. புதிய சட்டத்தில் 304-ஆவது பிரிவு பறிப்பைத் தனிக் குற்றமாக்கி மூன்று வருஷம் வரை தண்டனை வைத்திருக்கிறது. வண்டி எண்ணில் கடைசி நான்கு இலக்கமும், வண்டியின் நிறமும் போதும்.

கத்தி காட்டினால்? சினிமாவில் கத்தியைத் தட்டிவிடுவார்கள். பத்து வருஷம் பழகிய என் சிலம்ப ஆசான், "நானா இருந்தா குடுத்துட்டு ஓடுவேன்" என்கிறார். பர்ஸை அவன் கையில் கொடுக்காமல் ஒரு பக்கம் எறியுங்கள். நீங்கள் மறுபக்கம் ஓடுங்கள்.

குடித்துவிட்டு வம்புக்கு வருபவரிடம் நியாயம் பேசாதீர்கள், தொடாதீர்கள். "சரிண்ணே" என்று வெளிச்சம் உள்ள பக்கம் நடையைக் கட்டுங்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் மிளகு ஸ்ப்ரே வைத்திருக்கும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கண்ணுக்கே வரும்.

தெருநாய். இதுவும் தற்காப்புதான். ஓடாதீர்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள். பையையோ குடையையோ நடுவில் பிடித்து, முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் போன். "போலீஸ் பேசறேன், வீடியோ காலை அணைக்காதே, உன்னை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம்" என்பான். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. இங்கே ஒரே படிதான்: போனை வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குச் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற அண்ணன்மார்கள் குறித்துக்கொள்ளவும்.

ஐந்தாவது படி

அளவு, அளவு என்றே பேசிக்கொண்டிருக்கிறேன். இப்போது மறுபக்கம்.

உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து என்றால் யோசிக்கவே வேண்டாம். கொலை, கொடுங்காயம், பாலியல் வன்முறை, கடத்தல், அமிலம் வீச்சு ஆகியவற்றை எதிர்க்கும்போது, தாக்குகிறவனுக்கு மரணமே நேர்ந்தாலும் அதைத் தற்காப்பு என்று ஏற்கிறது 38-ஆவது பிரிவு, பழைய 100. அது ஏட்டுச் சட்டம் மட்டும் இல்லை. 2012-ல் மதுரையில், மகளிடம் தவறாக நடக்க முயன்ற கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்ததில் அவன் இறந்தான். போலீஸ் எஸ்.பி. அந்தப் பிரிவைச் சொல்லி அந்தத் தாயை விடுவித்தார். 2021 ஜனவரியில் சென்னைக்கு வடக்கே சோழவரம் பகுதியில், கத்தியோடு வன்புணர்வுக்கு முயன்றவனை ஒரு 19 வயதுப் பெண் எதிர்த்ததில் அவன் இறந்தான். அவளையும் தற்காப்பு என்று விடுவித்தார்கள். இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். தாக்கியவன் தெருவில் போகிற அந்நியன் இல்லை. ஒருவன் வீட்டுக்காரன், ஒருவன் உறவுக்காரன்.

பின்னாலிருந்து கட்டிப் பிடித்தால், உடம்பைக் கீழே இறக்கிக் காலை அகட்டுங்கள். உங்களைத் தூக்குவது கடினமாகிவிடும். குதிகாலால் அவன் பாதத்தின் மேல்பக்கம் ஓங்கி மிதியுங்கள். முழங்கையைப் பின்னால் இடியுங்கள். முன்னால் வந்தால் கண், மூக்கு, தொண்டை, தொடை நடுவே. பிடி தளர்ந்ததும் கத்திக்கொண்டே வெளிச்சத்தை நோக்கி ஓடுங்கள். ஜெயிப்பது நோக்கம் இல்லை, வீடு போய்ச் சேருவதுதான்.

2019 ஆகஸ்டில் கடையம் பக்கத்தில் ஒரு வயதான தம்பதி செய்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். முகமூடிக்காரன் பெரியவரின் கழுத்தைத் துணியால் இறுக்கினான். அரிவாளும் இருந்தது. அந்த அம்மா செருப்பு, பிளாஸ்டிக் நாற்காலி என்று கையில் கிடைத்ததை எல்லாம் எறிந்தார். பெரியவரும் விடுபட்டு நாற்காலியைத் தூக்கினார். திருடர்கள் ஓடினார்கள். கராத்தேயும் இல்லை, சிலம்பமும் இல்லை. சத்தமும், இடைவெளியும், விடாத மனசும்தான்.

பார்த்துக்கொண்டு நிற்கும் நாம்

2016 ஜூன் 24 காலை. மாம்பலத்திலிருந்து இரண்டாவது ஸ்டேஷனான நுங்கம்பாக்கத்தின் பிளாட்பாரத்தில், வேலைக்குப் போகக் காத்திருந்த ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். கேமரா அப்போது அந்த ஸ்டேஷனில் இல்லை. நான் அன்று அங்கே இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அரிவாளோடு இருப்பவன்மேல் பாயச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கத்தியிருக்கலாம், பையை எறிந்திருக்கலாம், பத்துப் பேராகச் சேர்ந்து சத்தம் போட்டிருக்கலாம்.

ஆள் அதிகம் இருக்கும் இடத்தில், "வேறு யாராவது செய்வார்கள்" என்று ஒவ்வொருவரும் நினைப்பதால் யாருமே செய்யாமல் போகிறது. லடானே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-லேயே சோதனை செய்து காட்டியது இது. அதனால் உதவி கேட்பவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்கக் கூடாது. ஒருவரைச் சுட்டிக் கேட்க வேண்டும்: "கண்ணாடி போட்ட அண்ணே, நீங்க 112-க்குப் போன் பண்ணுங்க. அக்கா, நீங்க இங்கே வாங்க." உதவ நினைப்பவர் தாக்குகிறவனிடம் போக வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் போய், தெரிந்தவர் மாதிரி "என்னம்மா, இங்கேயா இருக்கே? வா போகலாம்" என்றாலே பல தொல்லைகள் நின்றுவிடும்.

முடிந்த பிறகு

கைகலப்பு நடந்துவிட்டால் முதலில் மூச்சை இழுத்து விடுங்கள். எதிராளி விழுந்து கிடந்தால் உதவி செய்யுங்கள், ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். அது மனிதாபிமானம். உங்கள் நோக்கம் தற்காப்புதான் என்பதற்குச் சான்றும் அதுவே. 112-ஐ நீங்களே முதலில் அழையுங்கள். பெண்களுக்கு 181 உண்டு. 2022 முதல் தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' செயலியும் இருக்கிறது. கடைக்காரரின் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். "இது எங்க லிமிட் இல்லை" என்று எந்த ஸ்டேஷனில் சொன்னாலும் பயப்பட வேண்டாம். குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்று 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு சொல்கிறது. ரசீது கேட்டு வாங்குங்கள்.

2013-க்கு அப்புறம் கராத்தேயை விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் சிலம்பம் பழகச் சேர்ந்தேன். அங்கே முதலில் கம்பைக் கையில் கொடுக்கவில்லை. காலடிதான். முன்னே வைப்பது, பின்னே வைப்பது, ஒதுங்குவது, திரும்புவது. இரண்டு மாதம் ஆகி, "எப்போ ஆசானே கம்பு?" என்று கேட்டேன். "பின்னாடி வைக்கிற கால் இன்னும் உனக்குச் சரியா வரலை" என்றார். உஸ்மான் சாலைக் கதை அவருக்குத் தெரியாது.

மேடைக்கு வரும் முன்பு அம்மாவிடம் என்ன பேசப் போகிறேன் என்று சொன்னேன். "அந்தப் பையன் இப்போ எப்படி இருக்கான்னு விசாரிச்சியா?" என்று கேட்டார். இந்த வாரம் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.